கார்வேட்டிநகரமும் பாஸ்டன் துறைமுகமும்

திருத்தணியிலிருந்து நகரி, புத்தூர் வழியாக வடமேற்கே செல்வோர் குன்றுகள் சூழ்ந்த ஒரு சிற்றூரை அடைவர். ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் உள்ள அவ்வூரின் பெயர் கார்வேட்டிநகரம். காடு வெட்டி அமைக்கப்பட்ட நகரமாதலின் இப்பெயர் பெற்றது என்பர். அங்கே கற்படிகளுடன் கூடிய கந்த புஷ்கரிணி என்னும் பெருங்குளம் உண்டு; வேணுகோபால சுவாமி கோயில் உண்டு. அக்கோயில் இறைவனைப் பாடிய சாரங்கபாணியின் தெலுங்குப் பதங்களும், கோவிந்தசாமையாவின் வர்ணங்களும் இன்றும் தமிழ்நாட்டு இசையரங்குகளில் ஒலிக்கின்றன. இவற்றைப் பாடுவோருள் பலருக்கு இவ்வூர் எங்கே உள்ளது என்பது தெரியாது.

இவ்வூர் ஒரு காலத்தில் பெரியதொரு பாளையத்தின் தலைநகராக விளங்கியது. அப்பாளையத்தை ஆண்டவர்கள் பொம்மராஜா என்னும் பட்டப்பெயர் கொண்டவர்கள். நாராயணவனம், புத்தூர், திருத்தணி ஆகிய ஊர்கள் அவர்களுடைய ஆட்சியில் இருந்தன. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள பாஸ்டன் துறைமுகத்துக்கும் இப்பாளையத்துக்கும் இடையே பல்லாயிரம் கல் தொலைவு. ஆயினும் பதினெட்டாம் நூற்றாண்டில் இரண்டு இடங்களிலும் ஒரே கேள்வி எழுந்தது. யாரைக் கேட்டு வரி விதிக்கிறார்கள் என்பதே அக்கேள்வி.

போரும் கடனும்

1756 முதல் 1763 வரை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் உலகின் பல பகுதிகளில் போரிட்டனர். வட அமெரிக்கக் காடுகளில் நடந்ததும் அப்போரே. 1760இல் வந்தவாசியில் நடந்ததும் அப்போரே. இரண்டு இடங்களிலும் ஆங்கிலேயர் வென்றனர். வென்றவர் கையில் நிலம் மிஞ்சியது, கடனும் மிஞ்சியது.

கடனை அடைக்கப் பணம் வேண்டும். அமெரிக்காவில் கிழக்குக் கடற்கரையோரமாக ஆங்கிலேயரின் பதின்மூன்று குடியேற்றங்கள் இருந்தன. 1765இல் ஆங்கிலப் பாராளுமன்றம் அவற்றின்மீது முத்திரை வரி விதித்தது. செய்தித்தாள், வழக்கு ஆவணம், சீட்டாடும் சீட்டு என எல்லாவற்றுக்கும் வரி கட்டிய முத்திரைத்தாள் வேண்டும் என்றது சட்டம். குடியேறியவர்கள் கொதித்தெழுந்தனர். இலண்டன் பாராளுமன்றத்தில் அவர்களுடைய பேராளர் ஒருவர்கூட இல்லை. தம் பேராளர் இல்லாத மன்றம் தம்மீது வரி விதிக்க உரிமையற்றது என்பது அவர்கள் வாதம். மறு ஆண்டே அவ்வரி நீக்கப்பட்டது.

அதே 1765ஆம் ஆண்டில் இந்தியாவில் வேறொன்று நிகழ்ந்தது. முகலாயப் பேரரசர் வங்காளத்தில் வரி தண்டும் உரிமையைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு அளித்தார். தெற்கே ஆற்காட்டு நவாபு முகம்மது அலி கும்பினியின் படையுதவியால் அரியணையில் இருந்தார். அப்படைக்கான செலவு அவர் தலைமேல் கடனாக ஏறியது. கும்பினி ஊழியர்களிடம் தனியாக வாங்கிய கடன் அதற்கு மேலும் ஏறியது. நவாபு பாளையக்காரர்களிடம் கப்பம் கேட்டார். கொடுக்கத் தயங்கியவர்கள்மீது கும்பினிப் படையே சென்றது. பாளையக்காரர்கள் கப்பத்தைக் குடியானவர்களிடமிருந்து தண்டினர். இலண்டனில் எழுதப்பட்ட கணக்கு, ஏரிப் பாசனத்தில் நெல் விளைவித்த குடியானவரின் களத்துமேட்டில் வந்து முடிந்தது. அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

தேயிலைப் பெட்டிகள்

1769இல் மைசூரின் ஐதர் அலி சென்னைப் பட்டணத்தின் வாயில்வரை படையுடன் வந்து, கும்பினியைத் தம்முடன் உடன்படிக்கை செய்துகொள்ளச் செய்தார். இச்செய்தி இலண்டனை எட்டியதும் கும்பினியின் பங்குகள் விலை சரிந்தன. அடுத்த ஆண்டு வங்காளத்தில் கொடிய பஞ்சம் வந்தது. கும்பினி கடனில் தத்தளித்தது. அதே வேளையில் அதன் இலண்டன் கிடங்குகளில் விற்காத தேயிலை குவிந்து கிடந்தது.

அத்தேயிலையை அமெரிக்காவில் நேரடியாக விற்றுக்கொள்ள 1773இல் பாராளுமன்றம் கும்பினிக்கு வழி செய்தது. அத்தேயிலை இந்தியத் தேயிலை என்று பலர் எண்ணுவர். அது தவறு, அது சீனத்தில் விளைந்தது. அக்காலத்தில் இந்தியாவில் தேயிலைத் தோட்டங்களே இல்லை.

கும்பினித் தேயிலை முன்னைவிட மலிவாகக் கிடைத்தது என்பது கவனிக்கத்தக்கது. பவுண்டு ஒன்றுக்கு மூன்று பென்சு வரி சேர்த்த பின்னரும் அதன் விலை குறைவே. இருந்தும் 1773 டிசம்பர் 16 அன்று இரவு பாஸ்டன் மக்கள் கப்பல்களில் ஏறி 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினர். விலை மிகுந்ததால் அவர்கள் சினம் கொள்ளவில்லை. அந்த மூன்று பென்சைக் கொடுத்தால், தம்மைக் கேளாமல் வரி விதிக்கும் உரிமையை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று கருதினர். வாங்கும் பொருள் மலிந்தாலும் விட்டுக்கொடுக்கும் உரிமை பெரிது என்று கண்ட கூர்மை அவர்களுடையது. வணிகர் சிலருக்குத் தம் கள்ளக்கடத்தல் தொழில் கெடுமே என்ற கவலையும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

1775இல் போர் மூண்டது. 1776 ஜூலை 4 அன்று பதின்மூன்று குடியேற்றங்களும் விடுதலை அறிவித்தன.

சித்தூர் வழியாக வந்த போர்

அமெரிக்கருக்குத் துணையாக 1778இல் பிரெஞ்சு அரசு போரில் இறங்கியது. உடனே இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரியைக் கைப்பற்றினர். மறு ஆண்டு மாகியையும் கைப்பற்றினர். மாகி தம் பாதுகாப்பில் உள்ள துறைமுகம் என்று ஐதர் அலி கருதியிருந்தார். 1780இல் அவர் படை கருநாடகச் சமவெளியில் இறங்கியது. பொள்ளிலூரில் கும்பினிப் படை தோற்றது. ஆற்காடு வீழ்ந்தது.

அமெரிக்கர் இச்செய்திகளை ஆவலுடன் படித்தனர். தம் பகைவனுக்குப் பகைவன் ஒருவன் உலகின் மறுபுறம் இருக்கிறான் என்பதில் அவர்களுக்கு மகிழ்ச்சி. பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஒரு போர்க்கப்பலுக்கு ஐதர் அலியின் பெயரையே சூட்டினர். அக்கப்பல் 1782 ஏப்ரலில் தெலவேர் விரிகுடாவில் தன்னினும் வலிய ஆங்கிலக் கப்பல் ஒன்றைப் பிடித்தது. அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று ஐதர் அலி, கார்வேட்டிநகரத்துக்குத் தென்மேற்கே, சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டையில் தம் பாசறையில் நோயுற்று இறந்தார்.

இக்கதையில் இன்னொருவரும் உண்டு. 1781 அக்டோபரில் யார்க்டவுன் என்னும் இடத்தில் அமெரிக்க, பிரெஞ்சுப் படைகளிடம் சரணடைந்த ஆங்கிலத் தளபதியின் பெயர் காரன்வாலிஸ் பிரபு. அத்தோல்வியால்தான் ஆங்கிலேயர் அமெரிக்காவை இழந்தனர். ஐந்தாண்டுகள் கழித்து அவரே இந்தியாவின் தலைமை ஆளுநராக வந்து சேர்ந்தார். 1791இல் திப்பு சுல்தான்மீது படையெடுத்தபோது அவர் தேர்ந்த வழி, சித்தூரைக் கடந்து மொகிலிக் கணவாய் ஏறிச் செல்லும் வழியாகும். யார்க்டவுனில் தோற்றவர் சித்தூர்ச் சாலையில் சென்றார், பெங்களூரைப் பிடித்தார்.

நிலையான வரி

1792இல் காரன்வாலிஸ் நவாபுடன் ஓர் உடன்படிக்கை செய்தார். அதன்படி பாளையக்காரர்களிடம் கப்பம் தண்டும் வேலை கும்பினியின் கைக்கு வந்தது. வேங்கடகிரி, காளத்தி, கார்வேட்டிநகரம் ஆகிய வடபாளையங்கள் அதற்குள் அடங்கின. 1801இல் நவாபின் நாடு முழுவதும் கும்பினியிடம் சென்றது.

தெற்கே அப்போது நடந்தவை பலரும் அறிந்தவை. வீரபாண்டிய கட்டபொம்மன் 1799இலும், மருது சகோதரர் 1801இலும் தூக்கிலிடப்பட்டனர். சித்தூர்ப் பகுதியின் சிறு பாளையக்காரர்களும் அடுத்த சில ஆண்டுகளில் ஆயுதம் எடுத்தனர். கும்பினிப் படை வந்தது. பல பாளையங்கள் பறிபோயின. பாடநூல்களில் கட்டபொம்மனுக்குக் கிடைத்த இடம் இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கார்வேட்டிநகரத்தின் வழி வேறு. 1802இல் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வழங்கிய சாசனத்தைப் பொம்மராஜா ஏற்றார். அதனால் பாளையக்காரர் ஜமீன்தார் ஆனார். காரன்வாலிஸ் 1793இல் வங்காளத்தில் கொண்டுவந்த நிலையான நிலவரித் திட்டமே இங்கும் வந்தது. ஆண்டுதோறும் கும்பினிக்குச் செலுத்த வேண்டிய தொகைக்குப் பேஷ்குஷ் என்று பெயர். அது என்றென்றைக்கும் மாறாது என்றது சாசனம். ஜமீன்தார் இனிப் படை வைத்திருக்க வேண்டியதில்லை. அப்படைச் செலவுக்கு ஈடான பணமும் பேஷ்குஷில் சேர்க்கப்பட்டது. வாளைக் கொடுத்து நிலத்தை வாங்கினார் எனலாம்.

ஜமீன்தார் அரசுக்குக் கட்டும் தொகை நிலையானது. குடியானவர் ஜமீன்தாருக்குக் கட்டும் தொகைக்கு அவ்வாறு உறுதியான வரம்பு இல்லை. மழை பெய்தாலும் பொய்த்தாலும் பேஷ்குஷ் குறையாது. ஆகவே ஜமீன்தார் குடியானவரிடம் கேட்பதும் குறையாது. அதே ஆண்டின் மற்றோர் ஒழுங்குவிதி, பாக்கி வைத்த குடியானவரின் விளைச்சலையும் பொருள்களையும் பறிமுதல் செய்யும் அதிகாரத்தை ஜமீன்தாருக்குத் தந்தது. தலைமுறை தலைமுறையாக உழுதவர் தம் நிலத்திலேயே பிறர் நிலத்தில் இருப்பவர்போல் ஆனார். சாசனத்தில் ஆளுநர் உண்டு, ராஜா உண்டு. உழுதவர் கையெழுத்து இல்லை.

கேட்கப்படாதவர்கள்

இத்தகைய விடுபாடு கார்வேட்டிநகரத்தில் மட்டும் நிகழ்ந்ததன்று. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்று அமெரிக்க விடுதலை அறிக்கையில் எழுதிய தாமஸ் ஜெபர்சன், தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளுக்கு உரிமையாளராக இருந்தார். 1787இல் வகுக்கப்பட்ட அரசமைப்புச் சட்டம், மாநிலங்களுக்குப் பேராளர் எண்ணிக்கையைக் கணக்கிடும்போது, ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணியது. அம்மூவரின் கணக்கால் கூடுதல் இடம் பெற்றவர்கள் அவர்களுடைய உடைமையாளர்களே. பேராளர் இன்றி வரி இல்லை என்று போரிட்டவர்கள், தம் வயல்களில் உழைத்தவர்களுக்குப் பேராளர் வேண்டும் என்று நினைக்கவில்லை. புதிய சட்டங்களில் பெண்களை மறவாதீர் என்று 1776இல் தம் கணவருக்குக் கடிதம் எழுதிய அபிகெயில் ஆதம்சின் வேண்டுகோளும் பலிக்கவில்லை. அக்கணவர் ஜான் ஆதம்ஸ், பின்னாளில் அந்நாட்டின் இரண்டாம் குடியரசுத் தலைவர் ஆனார்.

விடுதலைக்குப் பிறகும் அங்கே சமூகச் சீர்திருத்தம் தேவைப்பட்டது. பிரெடரிக் டக்ளஸ் என்பவர் அடிமையாகப் பிறந்தவர். அடிமைக்கு எழுத்தறிவித்தல் குற்றமெனக் கருதப்பட்ட சூழலில் எழுத்துக் கற்றவர். 1838இல் தப்பி வடக்கே சென்று பேச்சாளராகவும் இதழாசிரியராகவும் ஆனார். 1852இல் விடுதலை நாள் விழாவில் பேச அழைக்கப்பட்டபோது, இந்த நாள் அடிமைக்கு எந்த வகையில் தன் நாள் ஆகும் என்று அவையோரை நோக்கிக் கேட்டார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன், 1848இல், செனிக்கா பால்ஸ் என்னும் ஊரில் பெண்ணுரிமை மாநாடு கூடியபோது, பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்ற தீர்மானத்தைத் தாங்கிப் பேசியவரும் அவரே. 1860இல் அந்நாட்டில் அடிமைகள் ஏறத்தாழ நாற்பது இலட்சம் பேர். உள்நாட்டுப் போர் முடிந்து 1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைக்க 1920 ஆயிற்று. தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் அச்சமின்றி வாக்களிக்க 1965இன் சட்டம் தேவைப்பட்டது.

சென்னை மாகாணத்திலும் சீர்திருத்தம் இவ்வாறே பையப்பைய நடந்தது. 1908இன் எஸ்டேட் நிலச் சட்டம், ஜமீன் நிலத்தில் பயிரிடுவோரைக் காரணமின்றி வெளியேற்ற முடியாதபடி உரிமை தந்தது. 1937இல் அமைந்த இராஜாஜி அமைச்சரவையில் வருவாய்த்துறையை ஏற்ற த. பிரகாசத்தின் தலைமையில் ஒரு குழு ஜமீன்களை ஆராய்ந்தது. நிலம் உழுபவருடையது, ஜமீன்தார் வரி தண்டித் தருபவர் மட்டுமே என்று 1938இல் அக்குழு கூறியது. 1802இன் சாசனத்தை நேர் எதிராகப் புரட்டிய கூற்று இது. சட்டமாகும் முன்னரே, 1939இல், அமைச்சரவை பதவி விலகியது.

பெண்கள் நிலையிலும் இதனை ஒத்த போராட்டம் நடந்தது. 1921இல் சென்னைச் சட்டமன்றம், சொத்துத் தகுதி உடைய பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. 1927இல் அம்மன்றத்தில் உறுப்பினரான மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க முனைந்தார். கோயில் பணிக்கு ஈடாக அப்பெண்கள் அனுபவித்த மானிய நிலம் அவர்களுக்கே உரியதாகுமாறு 1929இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. நிலம் கையில் இல்லாதவருக்கு விடுதலை வெறுஞ்சொல் என்பதை அவர் அறிந்திருந்தார். 1933இல் சிகாகோ நகரில் நடந்த அனைத்துலகப் பெண்கள் மாநாட்டிலும் அவர் கலந்துகொண்டார். பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் 1947இல் நிறைவேறியது. அதனை வரவேற்ற பெண்களும் உண்டு. தங்கள் கலையும் மதிப்பும் போய்விடும் என்று அஞ்சி எதிர்த்த பெண்களும் உண்டு. சாரங்கபாணியின் பதங்கள் போன்றவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தவர்கள் அம்மரபினரே ஆதலின், அவர்கள் அச்சத்தையும் எளிதில் தள்ளிவிட இயலாது.

ஜமீன் முடிந்தது

இதற்கிடையில் கார்வேட்டிநகர ஜமீன் கடனில் அமிழ்ந்துகொண்டிருந்தது. 1948இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. ஜமீன்தார்களுக்கு ஈட்டுத்தொகை தரப்பட்டது. குடியானவர் பெயருக்குப் பட்டா வந்தது. அரசுக்கும் அவருக்கும் இடையே இனி எவரும் இல்லை. ஆயினும் பட்டா பெறுவதற்குப் பயிரிடும் உரிமை இருந்திருக்க வேண்டும். பிறர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்க்கும், தலைமுறையாகப் பண்ணையில் உழைத்தவர்க்கும் அச்சட்டத்தால் ஒரு குழி நிலமும் வரவில்லை. அவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர்.

1952இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. சொத்து, படிப்பு, சாதி, ஆண், பெண் என்னும் வேறுபாடு இன்றி, இருபத்தொரு வயது நிறைந்த எல்லாருக்கும் வாக்குரிமை இருந்தது. ராஜாவுக்கும் ஒரு வாக்கு. அவர் வயலில் களை பறித்தவருக்கும் ஒரு வாக்கு.

மறு ஆண்டு ஆந்திர மாநிலம் பிரிந்தது. சித்தூர் மாவட்டம் அதனுடன் சென்றது. எல்லைப் பகுதித் தமிழர் ம. பொ. சிவஞானத்தின் தலைமையில் போராடினர். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. கார்வேட்டிநகரம் ஆந்திரத்தில் நின்றது. ஒரே ஜமீனாக இருந்த நிலத்தின் பட்டாக்கள் இன்று திருத்தணியில் தமிழிலும், கார்வேட்டிநகரத்தில் தெலுங்கிலும் எழுதப்படுகின்றன.

சொற்பொருள்

கும்பினி – கிழக்கிந்திய வணிகக் குழு
பேராளர் – மக்கள் சார்பில் பேசுபவர், பிரதிநிதி
தண்டுதல் – வரி முதலியவற்றை வசூலித்தல்
சாசனம் – அரசு வழங்கும் உரிமை ஆவணம்
பட்டா – நில உரிமைச் சான்று

பயிற்சி

1. மலிவாகக் கிடைத்த தேயிலையைப் பாஸ்டன் மக்கள் கடலில் கொட்டியது ஏன்?
2. 1802ஆம் ஆண்டுச் சாசனத்தால் ராஜா பெற்றவை எவை? குடியானவர் இழந்தவை எவை?
3. ‘வாளைக் கொடுத்து நிலத்தை வாங்கினார்’ – இத்தொடரின் பொருளை விளக்குக.
4. பிரெடரிக் டக்ளஸ் 1852இல் கேட்ட கேள்வியை, 1948இல் நிலமற்ற ஒருவர் கேட்டிருந்தால் எவ்வாறு கேட்டிருப்பார்? ஐந்து தொடர்களில் எழுதுக.
5. உம் பாட்டனார் அல்லது பாட்டியாரிடம் அவர்கள் பிறந்த ஊரில் நிலம் யாருடையதாக இருந்தது, வரி யாரிடம் கட்டப்பட்டது என்று கேட்டறிந்து, அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி வருக.